வளைவு அழகுதான், ஆனா எங்க டீமுக்கு இவ்ளோ பெரிய ஸ்டேடியம் எதுக்கு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல டர்பன் சுத்திப் பாக்க வர்றவங்களுக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்கி, அதுல முக்கால்வாசி மோசஸ் மபிடா ஸ்டேடியம் போட்டோதான் போட்டிருந்தீங்க. போட்டோ ஜோரு, குறை சொல்ல மாட்டேன். ஆனா அங்க அமாசூலுன்னு ஒரு கால்பந்து டீம் ஆடுது, அந்த டீமுக்கும் ரசிகன்னு நாலு பேர் இருக்கோம், எங்களுக்கு அந்த ஸ்டேடியம் பத்தி என்ன தோணுதுன்னு ஒரு வரி கூட காணோம், அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமாத்தான் போகும். வெட்டணும்னா வெட்டிக்குங்க, கரீஸ் ஃபவுண்டன்ங்கற பழைய மைதானத்தைப் பத்தி எழுதினதுல மட்டும் கை வைக்காதீங்க.

மொதல்ல நல்லதை சொல்லிடறேன், இல்லன்னா இவன் எல்லாத்தையும் குறை சொல்ற கிழவன்னு நெனைச்சுக்குவீங்க. அந்த வளைவு இருக்கே, 350 மீட்டர் நீளம், நூறு மீட்டருக்கு மேல உசரம், தெற்குப் பக்கம் ரெண்டு காலா கெளம்பி வடக்கே வந்து ஒரே காலா சேருது, நம்ம தென்னாப்பிரிக்கக் கொடில கோடு சேர்ற மாதிரி. கூரை முழுக்க அதுல இருந்து கேபிள் போட்டு தொங்குது. பீச்ல நடந்துகிட்டு இருக்கும்போது சாயங்காலம் அதுல லைட்டு போட்டா இப்பவும் ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுதான் போவேன். பேரும் சரியான பேரு, ஒரு வெள்ளைக்கார மேயர் பேரை வைக்காம, நாடு கடந்து வாழ்ந்து 1986ல மொசாம்பிக்லயே செத்துப்போன தொழிற்சங்கத் தலைவர் பேரை வெச்சாங்க. அவரோட உடலை 2006லதான் கொண்டு வந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல அடக்கம் பண்ணாங்க, அதே வருஷம்தான் இந்த ஸ்டேடியம் வேலையும் ஆரம்பிச்சது.

2010 உலகக்கோப்பையை யாரு மறப்பா. ஸ்பெயின் ஜெர்மனி அரையிறுதி இங்கதான், உள்ள 60 ஆயிரம் பேரு, 73வது நிமிஷம் சாவி கார்னர் அடிக்க புயோல் ஓடி வந்து தலையால முட்டினான் பாருங்க, வுவுசெலா ஊதல் சத்தமெல்லாம் ஒரு செகண்ட் நின்னு திரும்ப கெளம்புச்சு. அன்னிக்கு ஒரு கூத்தும் நடந்துச்சு, பெரிய மனுஷங்களோட சொந்த விமானமெல்லாம் புது கிங் ஷாகா ஏர்போர்ட்ல இடத்தை அடைச்சுகிட்டு நிக்க, டிக்கெட் வாங்கின சாதா ஜனங்க வந்த ஃப்ளைட் எறங்க முடியாம திரும்பிப் போச்சு. இந்த ஸ்டேடியம் யாருக்காக கட்டினதுன்னு அப்பவே ஒரு சந்தேகம் எனக்கு வந்துச்சு, சரி அதை விடுங்க.

அடுத்த ஜனவரி 2011ல நம்ம வேகப்பந்து வீச்சாளர் மகாயா என்டினிக்கு வழியனுப்பு மேட்ச், இந்தியாவோட டி20, கால்பந்து புல்லு மேல கிரிக்கெட். நம்ம ஆளுங்க டர்பனுக்கு கப்பல்ல வந்து எறங்கி 150 வருஷம் ஆன நேரம் அது, 1860ல மெட்ராஸ்ல இருந்து வந்த ட்ரூரோ கப்பலை பத்தி எங்க பார்த்தாலும் பேச்சு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம்னு நம்ம ஆளுங்க இருக்கற ஏரியால எல்லாம் வீட்டுக்கு வீடு கெளம்பி வந்துட்டாங்க, எங்க ஆயா வயசு பாட்டிங்க எல்லாம் புடவை கட்டிகிட்டு, மடில டிஃபன் டப்பா வெச்சுகிட்டு உக்காந்திருந்தாங்க, என்டினிக்கும் கை தட்டறாங்க, இந்தியா ஜெயிச்சப்பவும் கை தட்டறாங்க. அந்த ஒரு நாள் அது எங்க ஸ்டேடியம். அதுல எனக்கு எந்த மாற்றுக் கருத்தும் இல்ல.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன்.

அந்த எடம் ஒண்ணும் காலி மனை இல்லீங்க. பழைய கிங்ஸ் பார்க் சாக்கர் ஸ்டேடியம் அங்கதான் இருந்துச்சு. நிறவெறி ஆட்சியால உலகம் நம்ம நாட்டை ஒதுக்கி வெச்சிருந்து திரும்ப சேத்துகிட்ட பிறகு தென்னாப்பிரிக்கா ஆடின மொத மேட்ச், 1992 ஜூலை 7, கேமரூனோட, அங்கதான் நடந்துச்சு. எங்க மாமா அன்னிக்கு என்னைக் கூட்டிகிட்டு போனாரு. அவரு சாகோஸ் (நிறவெறியை எதிர்த்த விளையாட்டு அமைப்பு) கட்சி, அசாதாரண சமூகத்துல சாதாரண விளையாட்டு கிடையாதுன்னு சொல்லி வருஷக்கணக்கா பெரிய ஸ்டேடியம் பக்கமே தலை வெச்சுப் படுக்காத மனுஷன். கடைசி பத்து நிமிஷத்துல டாக்டர் குமாலோ பெனால்டி அடிச்சு 1-0ன்னு ஆனதும் அவரு எழுந்திரிக்கவே இல்ல, உக்காந்தபடியே, "வா, போலாம், ட்ராஃபிக் ஆயிடும்"னாரு. 2006ல அந்த ஸ்டேடியத்தை இடிச்சாங்க. புதுசு கட்டணும்னா இடிச்சுதான் ஆகணும், புரியுது, பழசு ஒண்ணும் அழகா இல்ல, டாய்லெட் எல்லாம் கேக்கவே வேணாம். இருந்தாலும் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு புல்டோசரைப் பாத்தப்ப நல்லாவா இருக்கும்.

300 கோடி ராண்டுக்கு மேல கொட்டி புதுசு வந்துச்சு. 2009 நவம்பர்ல மொத மேட்ச், அமாசூலு மாரிட்ஸ்பர்க் யுனைடெட் டீமை 1-0ன்னு ஜெயிச்சாங்க. அமாசூலு இன்னிக்கு நேத்து டீம் இல்ல, 1932ல ஆரம்பிச்சது, நானும் என் பழைய டீம் மானிங் ரேஞ்சர்ஸ் இல்லாம போன பிறகு (அந்தக் கதை கீழ வருது) இவங்களைத்தான் புடிச்சுகிட்டேன். ஆனா சாதா லீக் மேட்ச் ஒண்ணுக்கு நீங்க வந்து பாக்கணும். ஐம்பதாயிரம் பேருக்கு மேல உக்கார்ற எடத்துல சில ஆயிரம் பேரு, சில நாள் அதுவும் இல்ல, சொந்தக்காரங்க முப்பது பேரு வர்ற காதுகுத்துக்கு பெரிய கல்யாண மண்டபம் புடிச்ச மாதிரி இருக்கும். கோச் டச்லைன்ல கத்தறது மேல உக்காந்திருக்கற நமக்கு வார்த்தை வார்த்தையா கேக்கும், கோல்கீப்பர் டிஃபெண்டரை திட்டறதும் கேக்கும். சீட்டெல்லாம் கலர் கலரா இருக்கறதால டிவில அவ்ளோ தெரியாது, நேர்ல வந்தாத்தான் வலிக்கும்.

கூட்டம் வர்ற நாள் இல்லாம இல்ல. ஜோஹன்னஸ்பர்க் பெரிய டீம் கைசர் சீஃப்ஸ் வந்தா ஸ்டேடியம் மஞ்சளாயிடும், அதே ஊரு ஆர்லாண்டோ பைரேட்ஸ் வந்தா கருப்பாயிடும். 2022ல எம்டிஎன்8 கப்பு ஃபைனல், எங்க டீம், எங்க ஊரு, எங்க ஸ்டேடியம், எதிர்ல பைரேட்ஸ், சலெங் ஒரு கோல் போட்டான், 1-0, முடிஞ்சது. எழுந்து நின்னு ஆடினது யாருன்னு பாத்தா சுத்தி முக்காவாசி கருப்புச் சட்டை. சொந்த வீட்லயே விருந்தாளியா உக்காந்துட்டு வந்தோம். அன்னிக்கு வந்த கோவம் எங்க டீம் மேலயா பைரேட்ஸ் ஆளுங்க மேலயா அந்த பெரிய ஸ்டேடியம் மேலயான்னு எனக்கே இன்னும் தெளிவா இல்ல.

சரி, கரீஸ் ஃபவுண்டன். உங்க டூரிஸ்ட் பக்கத்துல அது எங்கயும் இல்ல. பொட்டானிக் கார்டன் பக்கம், டியூட்டி (டர்பன் டெக்னாலஜி யுனிவர்சிட்டி) காலேஜை ஒட்டினாப்புல இருக்கு, பெரிய வளைவெல்லாம் கிடையாது. வெள்ளைக்காரங்க மைதானம் கொடுக்காத காலத்துல நிறம் பாக்காம எல்லாரும் சேந்து ஆடின எடம் அது. 1961ல ஆரம்பிச்ச சாக்கர் லீக் அஞ்சாறு வருஷத்துக்குள்ள செத்தே போச்சு, ஆட கிரவுண்டு தராம தராமயே நசுக்கிட்டாங்க. பிறகு 1969ல ஃபெடரேஷன் லீக் வந்துச்சு, பெரியா, மானிங் ரேஞ்சர்ஸ்னு டீமுங்க ஆட, சனி ஞாயிறு ஆனா ஜனம் பொங்கி வழியும், வெளிய நியூஸ்பேப்பர்ல பொட்டலம் கட்டின வேகவெச்ச கடலை, ரொட்டியைக் குடைஞ்சு கறி ஊத்தித் தர்ற, சூடு ஆறாத பீன்ஸ் பன்னி. 1974 செப்டம்பர்ல மொசாம்பிக் விடுதலைக்கு ஆதரவா கூட்டம் நடந்து, போலீஸ் நாயோட வந்து விரட்டினதும் இந்த எடத்துலதான், அந்த வழக்குல நம்ம ஆளுங்க சாத்ஸ் கூப்பர், ஸ்ட்ரினி மூட்லி எல்லாம் ராபன் தீவு ஜெயிலுக்கே போனாங்க. இதுக்கு ஒரு சின்ன போட்டோ கூடவா எடம் இல்ல?

மானிங் ரேஞ்சர்ஸ் எங்க டீம். நாட்டோட பெரிய தொழில்முறை லீக்கா புதுசா பிஎஸ்எல் ஆரம்பிச்ச மொத சீசன், 1996-97, சீஃப்ஸ் பைரேட்ஸ் சன்டவுன்ஸ் எல்லாரையும் தாண்டி கோர்டன் இகசண்ட் கோச்சிங்ல கப்பு அடிச்சது நாங்க. ஹோம் கிரவுண்டு சாட்ஸ்வொர்த் ஸ்டேடியம், அண்ணன் தம்பி அக்கம்பக்கம் எல்லாரும் நடந்தே போயிடுவோம், மேட்ச் முடிஞ்சு இருட்டறதுக்குள்ள வீட்ல சாப்பாடு. அடுத்த பத்து வருஷத்துக்குள்ள டீம் கீழ எறங்கி கடைசில இல்லாமலே போச்சு. புது ஸ்டேடியம் வந்தப்ப எங்க டீமே இல்ல, இதைவிட என்ன சொல்ல.

அதனால நான் அதை இடிங்கன்னு சொல்லல, திட்டவும் இல்ல. சாதா லீக் மேட்சை எல்லாம் சாட்ஸ்வொர்த்லயோ உம்லாசிலயோ க்வாமாஷுலயோ வைங்க, சின்ன எடத்துல அஞ்சாயிரம் பேரு வந்தாலும் சத்தம் காதைக் கிழிக்கும், ராத்திரி மேட்சுக்கு டாக்ஸி புடிச்சு டவுனுக்கு வந்து திரும்பிப் போற அவஸ்தையும் இல்ல. சீஃப்ஸ், பைரேட்ஸ், ஃபைனல், நாட்டு டீம் மேட்ச் இதுக்கெல்லாம் பெரிய ஸ்டேடியம். பக்கத்துலயே ரக்பி ஸ்டேடியம் வேற தனியா நிக்குது, அங்க ஆடற ரக்பி டீம் ஷார்க்ஸும் இங்க வந்து ஆடணும்னு வருஷக்கணக்கா பேசிகிட்டே இருக்காங்க, அதை முடிச்சுத் தொலைச்சா பராமரிப்புச் செலவாவது கொஞ்சம் கொறையும்.

அடுத்த வாட்டி சீஃப்ஸ் வரும்போது நானும் போகத்தான் போறேன், டிக்கெட் மருமகன் வாங்கறேன்னிருக்கான், அவன் சீஃப்ஸ் ஆளு, மஞ்சள் சட்டைல வருவான், நான் பச்சைல. உங்க நிருபர் யாராவது வர்றதா இருந்தா சொல்லுங்க, மேட்சுக்கு முன்னாடி கரீஸ் ஃபவுண்டனையும் கூட்டிப் போய் காட்டறேன், பன்னி என் செலவு.

இப்படிக்கு,
பழைய ரேஞ்சர்ஸ் ரசிகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்