போலியோ பாடத்தில் டஸ்கீகிக்கும் இடம் கொடுங்கள்

அறிவியல் பாடநூல் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போலியோ தடுப்பூசி என்றதும் ஜோனஸ் சால்க் பெயரைச் சொல்லிப் பாடத்தை முடிப்பது வழக்கமாகிவிட்டது. சால்க்கின் உழைப்பு பெரியது, சரி. ஆனால் அந்த ஊசி பலிக்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பிள்ளைகள் அதைப் படிக்க வேண்டும். அதில் அமெரிக்காவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

1952இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 58,000 பேரைப் போலியோ தாக்கியது. 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1954இல் தடுப்பூசிச் சோதனை பள்ளிக்கூடங்களுக்கே வந்தது. சுமார் 18 லட்சம் குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். பல ஊர்களில் எது மருந்து, எது வெறும் திரவம் என்பது ஊசி போட்டவருக்கே தெரியாது. அப்புறம் ரத்தம் எடுத்து, கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனைக்கு உயிருள்ள செல்கள் ஏராளமாக வேண்டும். குரங்குச் செல்களை நம்பினால் செலவு கட்டுப்படியாகாது. கைகொடுத்தவை ஹீலா செல்கள். ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, 1951இல் அவரைக் கேட்காமலே எடுத்தவை அவை.

அந்தச் செல்களைப் பெருமளவில் வளர்த்தது அலபாமா மாநிலத்தில் கறுப்பின மாணவர்கள் படித்த டஸ்கீகி கல்வி நிறுவனம். ரஸ்ஸல் பிரவுனும் ஜேம்ஸ் ஹெண்டர்சனும் அந்த வேலையை நடத்தினார்கள். 1953க்கும் 1955க்கும் இடையில் சுமார் 6 லட்சம் செல் வளர்ப்புகள் அங்கிருந்து மற்ற ஆய்வகங்களுக்குப் போயின. வெயிலில் செல்கள் சாகாமல் போய்ச் சேர எப்படிப் பொதிய வேண்டும் என்பதைக்கூட அவர்களே சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த பகுதி இதுதான்.

அதே டஸ்கீகியில், சிபிலிஸ் என்ற பாலியல் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை 40 ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தது. 1972இல் பத்திரிகையில் செய்தி வந்த பிறகுதான் அது நின்றது. இந்தக் கொடுமையை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் டஸ்கீகி என்றால் ஏமாற்றப்பட்டவர்கள் மட்டும் நினைவுக்கு வருவதும் அநியாயம். நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்து இரவு பகலாக உழைத்தவர்களும் அதே மக்கள்தான்.

1955 ஏப்ரல் 12 அன்று மிச்சிகனின் ஆன் ஆர்பரில் சோதனையை மதிப்பிட்ட தாமஸ் பிரான்சிஸ், ஊசி பலிக்கிறது என்ற முடிவை அறிவித்தார். பத்திரிகைகளுக்குச் சால்க் என்ற ஒரு நாயகன் கிடைத்தார். அன்றைய பேச்சில் சால்க் தன் ஆய்வகத் தோழர்களின் பெயர்களைக்கூடச் சொல்லவில்லை. சிலருக்கு அந்த வருத்தம் நெடுநாள் ஆறவில்லை. தொலைவில் இருந்த டஸ்கீகியை யார் நினைத்திருப்பார்கள்?

அடுத்த பதிப்பில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். லாக்ஸ், பிரவுன், ஹெண்டர்சன் பெயர்கள் அதில் இருக்கட்டும். பயிற்சிக் கேள்வியில் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்பதோடு நிறுத்தாமல், சோதனையில் பல குழந்தைகளுக்கு வெறும் திரவத்தை ஏன் போட்டார்கள் என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்