எழுபதும் வேண்டாம், கமலா

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள கமலா,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், என் முட்டியைத் தவிர. சரோ டீச்சர் பேரனுக்குப் பெண் பார்க்கிறாராம். அதே கறார். பெண் வீட்டார் பாவம்.

இன்று உட்கார்ந்து எழுத வைத்தது உன் கடைசிப் பத்தி. அண்ணனின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எழுபது குட்டி மெழுகுவர்த்தி, நெருக்கமாக, மயில் கோலத்தில். வேண்டாம்டி. தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி நான் அதைத்தான் செய்து முழித்தேன்.

அகல் வைத்தால் தரையெல்லாம் எண்ணெய் என்றாள் மருமகள். சரி, நானும் நாகரிகமாகிவிடலாமென்று தேக்கா கடைத்தெருவில் ஐம்பது மெழுகுவர்த்தி வாங்கி வந்தேன், அந்த அலுமினியக் கிண்ணத்தில் இருக்குமே, அது. ஹாலில் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் தாமரை. கிண்ணத்தோடு கிண்ணம் இடித்தால்தான் இதழ் மாதிரி தெரிந்தது. அரைமணி நேரம் அழகோ அழகு. ஆறேழு போட்டோ வேறு.

அப்புறம் நடுவில் இருந்தவை திரியில் எரியவில்லை, மெழுகே எரிந்தது. ஒன்றின் சூடு பக்கத்துக் கிண்ணத்தை ஏற்ற, உள்ளே இருந்ததெல்லாம் உருகிக் கொதித்து ஆவியாகிப் பற்றிக்கொண்டது. முழ உயரச் சுடர். ஜன்னல் திரை இரண்டு கை தூரத்தில்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? முறுக்குச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் கூடாது என்று முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், சொம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்! பலகாரம் வாங்க வந்து வாசலில் நின்ற எதிர்வீட்டு மலாய் அம்மா மக்சிக் "ஜாங்கான், ஜாங்கான்!" என்று, வேண்டாம் வேண்டாமென மலாயில் கத்தி, அரிசி அண்டா மூடியை எடுத்துக் கவிழ்த்தார். அணைந்தது. பத்து நிமிஷம் திறக்கவும் விடவில்லை. சூடு ஆறுமுன் காற்றுப் பட்டால் திரும்பப் பிடிக்குமாம்.

அந்தச் சொம்பை ஊற்றியிருந்தால்? தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய் அந்த நொடியே ஆவியாகும். ஆவியானால் கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும். எரிகிற மெழுகு முழுக்க என் முகத்தில்தான் வந்திருக்கும். பேத்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள், கமலா. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மறுநாள் கண்ணாடி போட்டுக்கொண்டு பெட்டியின் அடியைப் படித்தேன். ஒன்றுக்கொன்று 10 செ.மீ. இடைவெளி என்று படமே போட்டிருக்கிறான். யார் பார்த்தது! அந்தக் கணக்கில் உன் மயிலுக்கு ஹால் பத்தாது.

மகன் கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி மாட்டிவிட்டான். 2018 ஜூன் முதல் புது வீடுகளுக்கு அது கட்டாயம். எங்களுடையது பழைய பிளாக், அதனால் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். நேற்று நான் கடுகு தாளித்ததற்கே கத்தியது. தீயணைப்புக்கு 995-ஐக் கூப்பிடட்டுமா என்று என் வீட்டுக்காரருக்குக் கிண்டல். நீயும் சிரி.

பேட்டரி விளக்கைப் போலி என்று நான் எத்தனை பரிகாசம் செய்திருப்பேன். இப்போது அதைத்தான் சொல்கிறேன். எழுபது நானே வாங்கி வருகிறேன். அண்ணன் ஆசைக்கு ஒரே ஒரு குத்துவிளக்கு ஏற்று, புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு. பெரிய மூடி ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

சொம்பு விஷயம் மட்டும் அண்ணன் காதுக்குப் போகக்கூடாது.

உன்
மீனா