நேபாளத்துக்குப் போகும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு, ஸ்தோத்திரம்.

நவம்பரில் நம் சபைப் பெண்கள் குழுவோடு நேபாளம் போகிறாய் என்று அம்மா போனில் சொன்னார்கள். சந்தோஷம். பிரசங்கச் செய்தி, குறுநாடகம், பாட்டு எல்லாம் தயாராம். அதோடு, அங்கே கூட்டத்துக்கு வரும் பெண்களுக்குக் கொடுக்க இரண்டு பெட்டி நிறையச் சுடிதார் துணியும் சேர்த்து வைத்திருக்கிறீர்களாமே. அதைக் கேட்டதும் உனக்கு எழுதியே ஆகவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் துணியைக் கூட்டத்தில் கொடுக்காதே. நேபாளத்தில் 2018 ஆகஸ்ட் முதல் புதிய குற்றவியல் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரை மதம் மாற்றினாலோ, மாறத் தூண்டினாலோ ஐந்து ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் நேபாள ரூபாய் வரை அபராதம். அங்கேயுள்ள விசுவாசிகளைப் பார்க்கப் போவது வேறு, மதம் மாற்றுவது வேறு என்று உனக்கும் எனக்கும் தெரியும். ஆனால் ஜெபக்கூட்டம் முடிந்ததும் வெளிநாட்டுக்காரி துணி கொடுக்கிறாள் என்று யாராவது புகார் எழுதினால், போலீஸ் ஸ்டேஷனில் போய் நிற்கப்போவது அந்த ஊர்ப் போதகரும் அவர் மனைவியான போதகர் அம்மாவும்தான். நீ அதற்குள் ஊர் திரும்பியிருப்பாய். போட்டோவும் அப்படித்தான். பெண்களின் முகமும் ஊர்ப் பெயரும் தெரிகிற மாதிரி ஃபேஸ்புக்கில் ஒன்றும் போடாதே. குழுவில் யாராவது போட்டால் தைரியமாகச் சொல்லி எடுக்க வை.

இன்னொன்று. நாம்தான் அவர்களுக்கு எதையோ கொண்டுபோகிறோம் என்று நினைக்காதே. 1951 வரை, ராணா குடும்பத்தார் ஆண்ட காலத்தில், அந்த நாடு மிஷனரிகளுக்கு மூடித்தான் கிடந்தது. அதன்பிறகும் சபையைப் பெரும்பாலும் நேபாளிகளே கட்டி வளர்த்தார்கள். 2021 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் ஐந்து லட்சத்துச் சொச்சம். அங்கே சனிக்கிழமை வார விடுமுறை, ஆராதனையும் அன்றுதான். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கமும் ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்புதான் வந்தது. ஆராதனையில் இருந்தவர்கள்மேலேயே சில ஆலயங்கள் இடிந்து விழுந்தன. அதைத் தாண்டி வந்த பெண்களுக்கு முன்னால் நின்று ‘சோதனையில் சோர்ந்துபோகாதீர்கள்’ என்று அரைமணி நேரம் செய்தி கொடுக்க எனக்கு வாய் வராது. உனக்கு எப்படியோ.

செய்தி கொடுத்தே ஆகவேண்டுமென்றால் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசு. நீ தமிழிலோ இந்தியிலோ சொல்லி, அது நேபாளிக்குப் போய், சில இடங்களில் தாமாங் மொழிக்கும் போகவேண்டும். பத்து நிமிஷப் பேச்சு அரைமணி ஆகிவிடும். எதுகை மோனை, சிலேடை எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகும்.

பேசுவதைவிட உட்காரு. செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் பக்கம் பாயில் அவர்களோடு உட்காரு. நான் போயிருந்தபோது பக்கத்தில் ஒரு வயதான அம்மா இருந்தார். டோக்கோ என்கிற கூடையை நெற்றியில் வார் மாட்டித்தான் அங்கே சுமக்கிறார்கள். அந்த வார் அழுத்தி அழுத்தி அவர் நெற்றியில் தழும்பே விழுந்திருந்தது. விசுவாசத்துக்கு வந்ததிலிருந்து மாமியார் அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. ஆனால் மாமியாருடைய எருமைக்குப் புல் அறுத்துப் போடுவது இவர்தான். ஜெபக்குறிப்பு என்ன என்று கேட்டால், “எருமை பால் கொடுக்க மாட்டேன் என்கிறது, அதற்கு ஜெபியுங்கள்” என்றார். ஜெபித்தோம். அப்புறம் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்துவிட்டு, என்னை மறுபடி உட்கார வைத்து, முழங்கால்மேல் கை வைத்து எனக்காக ஜெபித்தார். என் ஜெபத்தைவிட அது நீளம்! ரோமாபுரிச் சபைக்கு எழுதும்போது பவுலும், உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைய வேண்டும் என்றுதானே முதல் அதிகாரத்திலேயே எழுதுகிறார்.

நேரத்தையும் கவனி. நீ போகும் மாதம் மலைக் கிராமங்களில் கேழ்வரகு அறுப்பு. எத்தனையோ வீடுகளில் ஆண்கள் கத்தாரிலும் மலேசியாவிலும் வேலையில் இருக்கிறார்கள். வயல், மாடு, பிள்ளைகள் எல்லாம் பெண்கள் தலையில்தான். காலை பத்து மணிக்குப் ‘பெண்கள் மாநாடு’ என்று நோட்டீஸ் போட்டால் அன்றைய அறுப்பு போயிற்று. போதகர் அம்மாவிடம் முன்கூட்டியே போனில் கேட்டு, அவர்கள் சொல்கிற நேரத்துக்குக் கூட்டத்தை வை. அவர்களே நடத்தட்டும், நீங்கள் பாடுங்கள். பகலில் வயலுக்குக் கூப்பிட்டால் போ. அறுவாள் பிடிக்கத் தெரியாவிட்டாலும் கட்டு தூக்கலாம். மதியம் திண்டோ தருவார்கள். நம் கேழ்வரகுக் களிதான், உனக்குப் பிடிக்கும்.

உதவி செய்ய மனமிருந்தால் தனியாள் கையில் பணம் கொடுக்காதே. ஒருத்திக்குக் கிடைத்தது இன்னொருத்திக்குத் தெரிந்தால், நீ ஊர் திரும்பிய பிறகும் சபைக்குள் மனஸ்தாபம் ஓயாது. சபை மூப்பர்களைக் கலந்து, கணக்கோடு கொடு.

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். வாக்காளர் அட்டை போதும் என்றாலும் பாஸ்போர்ட்டே எடுத்துப் போ. கடிகாரத்தைக் கால்மணி முன்னால் தள்ளி வை. ராத்திரி நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். போதகர் அம்மாவோடு போனில் பேசியதும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் சொல்லு.

அன்புடன்,
அக்கா