டீ மாஸ்டர் அண்ணன்மாருக்கு, அரை ஸ்பூன் சக்கரை விஷயமா ஒரு திறந்த மடல்

வணக்கம்ணே,

காலைல ஆறரைக்கு பாய்லர் பக்கத்துல வந்து, பேப்பர்ல நடுப்பக்கத்த மட்டும் உருவிக்கிட்டு பெஞ்சு ஓரத்துல உக்காருவேன்ல, அந்த ஆளுதான் எழுதுறேன். ஒரு கடைக்குன்னு இல்ல, மாட்டுத்தாவணிலேர்ந்து பெரியார் பஸ்ஸ்டாண்டு வரைக்கும் நான் நின்னு குடிச்ச எல்லா கடை மாஸ்டருக்கும் சேத்துதான்.

போன வருஷம் ரத்தம் டெஸ்ட் எடுத்தப்ப மூணு மாச சக்கரை சராசரி (HbA1c) 6.1னு வந்துச்சு. 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் பார்டராம், 6.5 வந்துட்டா சுகர்தான். டாக்டர் மாத்திரை எழுதல, ஒரு நாளைக்கு எத்தன டீன்னு மட்டும் கேட்டாரு, அஞ்சுன்னேன், வீட்டுக்கு வந்து நானே கணக்கு போட்டேன். கிளாஸுக்கு ரெண்டு ஸ்பூன், ஸ்பூனுக்கு 4 கிராம்னு வச்சாலும் (உங்க ஸ்பூன்ல அது கோபுரமா நிக்கும், அது தனிக் கதை) 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015ல சொன்னது, ஒரு நாளைக்கு 50 கிராமத் தாண்டக்கூடாது, 25க்குள்ள நின்னா இன்னும் நல்லதுன்னு. எனக்கு டீயிலயே 40, தேங்கா பன்னும் பிஸ்கட்டும் இன்னும் கணக்குலயே வரல.

மறுநாளே வீராப்பா சக்கரைய மொத்தமா நிறுத்துனேன். மூணு நாள் தாங்குச்சு. நாலாவது நாள் சாயங்காலம் தலையப் புடிச்சுக்கிட்டு போயி கால் கிலோ பால்பன்ன நின்ன எடத்துலயே காலி பண்ணேன், வெக்கமா இருந்துச்சு. அப்புறந்தான் புத்தி வந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கால் ஸ்பூன்னு குறைச்சேன், ரெண்டுலேர்ந்து அரைக்கு வர மூணு மாசம் ஆச்சு, நாக்குக்கே தெரியாம எறங்கிடுச்சு. இப்ப பழைய அளவுல யாராச்சும் குடுத்தா பாயசம் மாதிரி இருக்கு.

ஆனா இதெல்லாம் வீட்டு டீலதாண்ணே நடந்துச்சு, உங்க கடைல முடியல. "சக்கரை கம்மி"ன்னு சொன்னா ஒரு கடைல ஒன்றரை ஸ்பூன், இன்னொரு கடைல சுத்தமா இல்ல, கூட்ட நேரத்துல பால்லயே கலந்து வச்சிட்டு "இவ்வளவுதான் தம்பி இருக்கும்"பாங்க. அது கூட பரவால்ல, அடுத்து ஒரு கேள்வி வரும் பாருங்க, "ஏன் தம்பி, சுகரா? இந்த வயசுலயா?"ன்னு, அதுவும் பாய்லர் சத்தத்துக்கு மேல. மொத்த பெஞ்சும் திரும்பிப் பாக்கும். அந்தக் கேள்விக்கு பயந்தே எத்தன நாள் வழக்கமான டீயவே வாங்கிக் குடிச்சிருக்கேன் தெரியுமா. 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆய்வுப்படி நாட்டுல 10 கோடி பேருக்கு சுகர், இன்னும் 13 கோடிக்கு மேல பார்டர்ல, ரெண்டும் சேத்தா பெரியவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர். உங்க பெஞ்சுலயே ரெண்டு பேர் இருப்பாங்க, வாயத் தொறக்க மாட்டாங்க.

நாட்டுச்சக்கரை டீன்னு போர்டு வச்சு அஞ்சு ரூவா கூட வாங்குற அண்ணன்மாரே, ருசிக்குன்னா சரி, ஒத்துக்கிறேன். "சுகருக்கு நல்லது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அதுவும் ரத்தத்துல சக்கரையாத்தான் ஏறும், கருப்பட்டியும் அப்படித்தான்.

ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இனிப்பு குறைஞ்சதுக்கப்புறம்தான் எந்தக் கடைல டிகாஷன் புதுசு, எந்தக் கடைல காலைல போட்ட தூளையே மத்தியானம் வரைக்கும் கொதிக்க விடுறீங்கன்னு நாக்குக்கு தெரிய ஆரம்பிச்சுச்சு. சக்கரை ரொம்ப விஷயத்த மறைக்குதுண்ணே.

நான் கேக்குறது, கேக்காமலே எல்லாருக்கும் ரெண்டு ஸ்பூன் போடுறத ஒன்றரையாக்குங்க, ரெண்டு மாசம் கழிச்சு ஒண்ணாக்குங்க, போர்டெல்லாம் வேணாம், யாருக்கும் சொல்லவும் வேணாம். மூட்டை தூக்கிட்டு வந்து டீயவே காலைச் சாப்பாடா குடிக்கிறவங்க இருக்காங்க, அவங்களுக்கு நாம வகுப்பெடுக்க முடியாது, அதனால சக்கரை டப்பாவ வெளிய வைங்க, வேணுங்கிறவங்க போட்டுக்கட்டும். லாபமும் பாருங்க, 400 டீ போற கடைல கிளாஸுக்கு 2 கிராம் குறைச்சா ஒரு நாளைக்கு 800 கிராம், மாசத்துக்கு 24 கிலோ, கிட்டத்தட்ட அரை மூட்டை. அதுல கொஞ்சம் நல்ல தூளா வாங்கிப் போடுங்க.

நாளைக்கும் ஆறரைக்கு வருவேன். அரை ஸ்பூன், ஸ்ட்ராங்கா. சுகரான்னு கேட்டீங்கன்னா எதிர்த்தாப்ல இருக்குற கடைக்கு போயிருவேன், சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
நடுப்பக்கத்துக்காரன்