இரத்தக்குழாய், வீட்டுக் குழாய் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்புக் கட்டுரையோடு தாங்கள் போட்டிருந்த படத்தைப் பார்த்தேன். சமையலறைக் கழிவுக் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியது போல, இரத்தக்குழாய்க்குள் மஞ்சளாய்க் கொழுப்பு. முப்பது ஆண்டுகளாகப் புளியரையிலும் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலும் குழாய் வேலை பார்க்கிறவன் நான். குழாய் விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் எனக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 178 என்று வந்தது. "உப்புப் படிந்த இரும்புக் குழாய் மாதிரிதானே டாக்டர்?" என்று நானும் கேட்டேன். மலையாளம் பாதி, தமிழ் பாதியாகப் பேசும் அந்த அம்மா, மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு வரைந்து காட்டினார். குழாயின் உட்புறத்தில் ஒரே அடுக்குச் செல்கள். எண்டோதீலியம் என்று பெயராம். குழாய் தளர்ந்து விரிவதற்கான நைட்ரிக் ஆக்சைடைச் சுரப்பதே அதுதான். எல்டிஎல் மிகுந்தால் அந்தச் சுரப்பு குறைகிறது. கொழுப்பும் மேலே படிவதில்லை; அந்தப் படலத்தைக் கடந்து சுவருக்குள் புகுந்து, தங்கி, கெடுகிறது. அதைத் தின்ன வரும் வெள்ளணுக்கள் தின்று ஊதி அங்கேயே கிடக்கின்றன. ஓதம் ஏறிய சுவரில் பெயிண்டுக்கு அடியில் உப்பிக்கொண்டு நிற்குமே, அப்படி. ஒருநாள் அது வெடித்தால் இரத்தம் அங்கே உறைந்து வழியை மூடிவிடுகிறது. பாதிகூட அடைபடாத இடத்திலும் இது நடக்கலாமாம்.

வளைவிலும் கிளை பிரியும் இடத்திலும்தான் முதலில் தொடங்கும் என்றார். அது மட்டும் எங்கள் குழாய் இணைப்புகளான எல்போ (வளைவு), டீ (கிளை) போலவேதான்.

ஒரு படத்துக்கு ஏன் இத்தனை கோபம் என்றால், என் சகலைதான் காரணம். மாத்திரையை நிறுத்திவிட்டு, பூண்டும் இஞ்சியும் எலுமிச்சைச் சாறும் காய்ச்சிய பாட்டிலைக் காலையில் குடிக்கிறார். "நீ சாக்கடைக்கு ஆசிட் ஊற்றவில்லையா? அதேதான்" என்று என்னிடமே சொல்கிறார். சுவருக்குள் இருப்பதை எதை ஊற்றிக் கழுவுவது? அவர் நிறுத்திய ஸ்டேட்டின் மாத்திரை கல்லீரல் கொலஸ்ட்ரால் செய்வதையே குறைக்கிறது; அடைப்பைக் குத்துகிற வேலையில்லை, தொட்டியிலேயே கைவைக்கிற வேலை. பீடிப்புகையும் அந்தப் படலத்தைக் கெடுக்கும் என்பதால் நான் பீடியை விட்டுவிட்டேன். இரண்டாவது முறையாக.

அடுத்த முறை, குழாயின் ஓட்டையைச் சிறிதாக்கிச் சுவரைப் பெரிதாக வரையச் சொல்லுங்கள். வெட்டிச் சகலை வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுவேன். அந்தப் பாட்டில் அதற்குள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
குழாய்த் தொழிலாளி ஒருவர்,
புளியரை.