கலந்தால் இன்ஜின் சீஸ் ஆகுமா? – ஆசிரியருக்குக் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் தங்கள் சனிக்கிழமை இணைப்பின் வாகனப் பக்கத்தில் கட்டம் கட்டி இப்படிப் போட்டிருந்தீர்கள்: 'வேறு கம்பெனி இன்ஜின் ஆயிலை எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள். கலந்தால் இன்ஜின் சீஸ்தான்.' (சீஸ் என்றால் இன்ஜின் உள்ளே இறுகி நின்றுபோவது.) அந்தக் கட்டம் எங்கள் குடும்பத்துக்கு 72,000 ரூபாய் செலவு வைத்துவிட்டது.

என் மாப்பிள்ளை பிள்ளைகுட்டியோடு சத்தியமங்கலம் வழியாக மைசூர் கிளம்பினார். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஆசனூர் வந்தால், ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினால் நுனியில்கூட ஈரம் இல்லை. (ஆயில் குறைவதை இத்தனை நாள் பார்க்காமல் விட்டது அவர் தப்பு. அதை வீட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன்.) அங்கே ஒரு கடையில் 15டபிள்யூ40 ஆயில் லிட்டர் டப்பா மூன்று இருந்திருக்கிறது. (இந்த எண் ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்வது.) இவர் வண்டிக்கு 5டபிள்யூ30, கம்பெனியும் வேறு. வாங்கவில்லை. கேட்டால், "கலக்கவே கூடாதுன்னு பேப்பர்லயே போட்டிருந்துதுங்களே மாமா" என்கிறார். படித்தவர், அச்சில் வந்ததை நம்புகிறார்! மெதுவாகப் போனால் போதுமென்று சாம்ராஜ்நகர் பக்கம் உருட்டியிருக்கிறார். பாதி வழியில் கடகடவென்று சத்தம்.

வண்டியை ஈரோட்டுக்கு ஏற்றி வந்து இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றும்போது நானும் பக்கத்தில் நின்றேன். அடியில் கிடந்த ஆயிலை மெக்கானிக் விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். ஜிகினா தூவியதுபோல் மினுமினுத்தது. அத்தனையும் தேய்ந்து உதிர்ந்த பேரிங் துகள். "ஏனுங்க, கிடைச்ச ஆயிலை ஊத்திட்டு வந்திருந்தா தப்பிச்சிருக்கும்ங்க" என்று சொல்லிவிட்டு, பனியன் வேஸ்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

தாங்கள் அறியாததல்ல. ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) தரம் பெற்ற ஆயில், மற்ற ஆயிலோடு சேர்ந்தால் பிரியாமல் இருக்கிறதா என்று சோதித்துத்தான் அந்தத் தரத்தைக் கொடுக்கிறார்கள். சாதாரண மினரல் ஆயிலோடு செயற்கையாகத் தயாரித்த சிந்தெட்டிக் ஆயில் சேர்ந்தாலும் பால்போலத் திரிந்துவிடாது. நல்ல ஆயிலின் தரம் கொஞ்சம் இறங்கும். ஊர் வந்ததும் மொத்தத்தையும் வடித்து மாற்ற வேண்டும். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டியில் புகை வடிகட்டி இருந்தால் அதற்குச் சொன்ன ஆயிலுக்குச் சீக்கிரமே திரும்பிவிட வேண்டும். ஆனால் ஆயிலே இல்லாமல் ஓட்டுவதற்கு எந்தப் புத்தகமும் வழி சொல்லவில்லை.

நான் திருச்செங்கோட்டுக்காரன், போர்வெல் போடும் ரிக் லாரியோடு பாதி இந்தியா சுற்றியவன். 1989ல் மத்தியப் பிரதேசக் காட்டுக்குள் ஐந்து லிட்டர் குறைந்துபோய், டிராக்டர் கடையில் கிடைத்த பேர் தெரியாத கம்பெனி ஆயிலை ஊற்றி ஊர் வந்து சேர்ந்தோம். அந்த இன்ஜின் அதற்குப் பிறகும் ஆறு வருடம் உழைத்தது. பீப்பாயிலிருந்து பழைய கேனில் பிடித்து விற்கிறார்களே லூஸ் ஆயில், அதைப் பற்றி எழுதுங்கள், கும்பிடுகிறேன். நடிகர் வாங்கிய காருக்கு அரைப் பக்கம் ஒதுக்குகிற தங்களுக்கு அதற்கு மட்டும் இடமில்லை.

போன வருடம் இதே பக்கத்தில் '20டபிள்யூ40ல் டபிள்யூ என்றால் வெயிட்' என்று வந்தது. அது விண்டர் ஐயா. குளிரில் ஆயில் எவ்வளவு இளக்கமாக ஓடும் என்பதற்கான எண். கார்டு போட்டேன், பதில் இல்லை. எங்கள் ஊரை 'சேலம் மாவட்டம்' என்று போட்டதற்கும் ஒரு கார்டு போட்டேன். நாமக்கல் 1997லேயே தனி மாவட்டமாகிவிட்டது, அந்தச் செய்தி தங்கள் அலுவலகத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. 1920லேயே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டிய ஜி.டி. நாயுடு பிறந்த சீமையில், வாகனப் பக்கம் எழுத ஸ்பானர் பிடித்த ஆள் ஒருவர்கூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லையா?

72,000 ரூபாயைத் தாங்கள் தர வேண்டாம். அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில், அதே அளவுக் கட்டத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். அன்றைக்கு அந்தக் கட்டத்தோடு போட்ட டிப்ஸ்டிக் படத்தையும் திரும்பப் போடுங்கள். தலைகீழாக அச்சாகியிருந்தது. மேல் கோடுதான் மேக்ஸ், அதாவது ஆயிலின் அதிகபட்ச அளவு.

இப்படிக்கு,
பழைய ரிக் லாரிக்காரன்,
திருச்செங்கோடு, நாமக்கல் மாவட்டம்.