மீதியை எழுது, பிள்ளை

கோண்டாவில்,
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு நெடுநேரம் நித்திரை வரவில்லை. "கோடு இறங்குதே இல்லை அம்மா, காலமைக் கூட்டத்தில எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கினம்" என்று நீ சொன்ன குரல் அவ்வளவு களைத்திருந்தது. டீம் லீட் ஆகி மூன்று மாதம்தான், அதற்குள் இந்தச் சுமை. இன்று கோயிலுக்குப் போய் வந்து, அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, லப்டொப்பைத் திறந்து நீ சொன்ன அந்த பேர்ன் டவுன் வரைபை, மீதி வேலை நாளுக்கு நாள் இறங்குவதைக் காட்டும் கோட்டை, நானே எக்செல்லில் செய்து பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. கண்டதை எழுதுகிறேன். போனில் என்றால் பாதியில் உனக்கு வேறு கோல் வந்துவிடும். கடிதம் என்றால் ஆறுதலாக வாசிப்பாய்.

அலுமாரியின் மேல்தட்டில் இருக்கும் என்னுடைய பழைய கொப்பி உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் அதில் படம் கீறப் போய் என்னிடம் பேச்சு வாங்கினாய். அது 1995ஆம் ஆண்டுக் கொப்பி. ஆண்டு பத்துக்கு அந்த வருடம் படிப்பிக்க வேண்டிய கணிதத்தை 24 பகுதியாகப் பிரித்து வைத்திருந்தேன். கூடப் படிப்பித்தவர்கள் முடித்த பாடத்துக்குச் சரி அடையாளம் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் மீதியை எழுதுவேன்: 24, 23, 22. சரி அடையாளம் கூடக் கூட மனம் நிறைந்துவிடும், இன்னும் எவ்வளவு கிடக்கிறது என்பது மறந்துபோகும். மீதியை எழுதினால் மறக்க வழியில்லை. கிழமைகளைக் கிடையாகவும் மீதியை நிலைக்குத்தாகவும் வைத்து, வரைபுத் தாளில் பென்சிலால் ஒரு நேர்கோடு கீறியிருந்தேன். ஜனவரியில் 24, டிசம்பரில் பூச்சியம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உண்மையான மீதிக்கு ஒரு புள்ளி.

அந்த அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனம் போரால் இடம்பெயர்ந்தது. அதற்கு முந்திய வெள்ளி வரை மீதி 5. நாவற்குழிப் பக்கம் மழைக்குள் சனத்தோடு சனமாக நடந்தபோது உனக்கு இரண்டு வயது, அப்பாவின் தோளில் இருந்தாய். என் பைக்குள் அந்தக் கொப்பியும் இருந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமை கோடு படுத்தே கிடந்தது. 5, 5, 5. பிறகு தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில், அங்கத்தைய பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பின்னேரங்களில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. படுத்த கோட்டின் கீழே "இடம்பெயர்வு" என்று ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறேன். பழைய நேர்கோட்டை அழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் நீலப் பேனையால் புதிதாக ஒன்று கீறினேன். பிள்ளைகள் சோம்பலாக இருந்ததால் அந்தக் கோடு படுக்கவில்லை, பிள்ளை. ஆனால் கோடு அதைத் தானாகச் சொல்லாது. கீழே எழுதிய அந்த ஒரு சொல்தான் சொல்லும்.

இந்த வரைபை 2000ஆம் ஆண்டளவில் மென்பொருள் வேலைக்குள் கொண்டுவந்தவர் கென் ஷ்வேபர் என்று வாசித்தேன். 2001 பெப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் கூடி, மென்பொருளைச் சின்னச் சின்னக் கட்டமாகச் செய்யும் அஜைல் முறைக்கான அறிக்கையை எழுதிய 17 பேரில் அவரும் ஒருவர். மீதியை எண்ண வேண்டும் என்று அவருக்கும் தோன்றியிருக்கிறது என்று அறிந்தபோது எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது.

சரி, விரிதாளுக்கு வருவோம். உன்னுடைய ஸ்பிரின்ட், அதாவது ஒரு சுற்று வேலை, இரண்டு கிழமை, வேலை நாள் 10, மொத்தம் 40 ஸ்டோரி பொயின்ட் (வேலையின் பருமனுக்கு நீங்கள் போடும் புள்ளி) என்றாய். அந்த எண்களையே எடுத்தேன். ஐந்து நிரல்: நாள், அன்று முடிந்தது, அன்று புதிதாகச் சேர்ந்தது, மீதி, திட்டக் கோடு (திட்டப்படி இருக்க வேண்டிய மீதி).

முதலில் நாள் 1 என்று தொடங்கி அதிலேயே 40 என்று போட்டுவிட்டேன். பத்தாம் நாளில் திட்டக் கோடு பூச்சியத்துக்கு வராமல் 4இல் நின்றது. பத்து இடைவெளி உள்ள வேலிக்குப் பதினொரு கதியால் வேண்டும் என்று உன் அம்மப்பா சொல்லுவார். அதே கணக்குத்தான். வேலை தொடங்கும் முன் உள்ள நிலை நாள் 0. ஆகவே பதினொரு நிரை வேண்டும். உன்னுடைய தாளிலும் இதை ஒருக்கால் வடிவாகப் பார். ஒரு நாள் பிசகினால் முதல் நாளிலிருந்தே கணக்குப் பிழையாகத் தெரியும்.

மொத்தமான 40ஐ மேலே தனியாக ஒரு கலத்தில் வை. நாள் 0க்குத் திட்டக் கோடும் மீதியும் அந்தக் கலத்திலிருந்தே வரட்டும். அடுத்த நாள்களுக்கு, திட்டக் கோட்டில் மேல் கலத்திலிருந்து மொத்தத்தைப் பத்தால் வகுத்துக் கழி. 40, 36, 32 என்று இறங்கும். படித்திறன் மறை 4. ஓ.எல்.லில் நீ செய்த அதே நேர்கோடு. மொத்தம் உள்ள கலத்தின் பெயருக்கு டொலர் குறிகள் போட மறக்காதே. எஃப்4 விசையை ஒருதரம் அழுத்தினால் அவை தானாக வரும். போடாவிட்டால் சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அதுவும் கூடவே கீழே இறங்கி வெறும் கலத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மீதிக்கு: முந்திய நாள் மீதியிலிருந்து இன்று முடிந்ததைக் கழித்து, இன்று சேர்ந்ததைக் கூட்டு. இதையும் கீழே இழுக்கலாம், ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இன்னும் வராத நாள்களுக்கும் சூத்திரம் வேலை செய்து, இன்றைய மீதியையே கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு போகும். பார்ப்பவருக்கு டீம் வேலையை விட்டுவிட்டது போலத் தெரியும். வெற்று மேற்கோள் குறி போட்டால் கலம் வெறுமையாகத் தெரியும், ஆனால் எக்செல் வரைபில் அதைப் பூச்சியமாகப் போட்டுக் கோட்டைத் தலைகுப்புற விழுத்தும். இஃப் சூத்திரத்தால், "அன்று முடிந்தது" வெறுமையாக இருந்தால் என்.ஏ என்ற செயற்பாட்டைக் கொடு. கலத்தில் ஒரு வழுச் செய்தி தெரியும், பயப்படாதே. கோடு இன்றோடு நின்றுவிடும், அதுதான் வேண்டும்.

இதனால் இன்னொன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றும் முடியாத நாளில் கலத்தை வெறுமையாக விடாமல் 0 என்று எழுது. வெறுமை என்றால் அந்த நாள் இன்னும் வரவில்லை என்று பொருள். 0 என்றால் வந்து போய்விட்டது. புள்ளிப் பதிவேட்டில், பரீட்சைக்கு வராத பிள்ளைக்கும் வந்து பூச்சியம் எடுத்த பிள்ளைக்கும் ஒரே குறி போடுவோமா?

கோடு கீறும்போது நாள், மீதி, திட்டக் கோடு ஆகிய மூன்று நிரலை மட்டும் கொன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு தெரிந்தெடுத்து, கோட்டு வரைபைப் போடு. நாள் நிரலில் வெறும் எண் இருந்தால் அதையும் ஒரு கோடாகக் கீறிவிடும். "நாள் 0" என்று சொல்லோடு எழுதினால் அந்தத் தொல்லை இல்லை. தேதி போட விரும்பினால் வேர்க்டே என்ற செயற்பாடு சனி ஞாயிறைத் தாண்டித் தேதி தரும். விடுமுறைப் பட்டியலைக் கொடுத்தால் அவற்றையும் தாண்டும். ஆனால் வரைபு சனி ஞாயிறுக்கு இடம் விட்டுத் திட்டக் கோட்டை வளைத்துவிடும். அச்சின் அமைப்பில் தேதி அச்சு என்பதை எழுத்து அச்சு என்று மாற்றினால் நேராகும்.

தாள் செய்வது இவ்வளவுதான். அதில் எதை எழுதுகிறோம் என்பதைப் பற்றித்தான் எனக்குக் கூடக் கதைக்க வேண்டும்.

போன வருடம் குசினி திருத்தியபோது மேசன் ஒவ்வொரு பின்னேரமும் "தொண்ணூறு வீதம் முடிஞ்சுது ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் கொப்பியில் அப்படியே குறித்தேன். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முதல் முடியும் என்று நம்பினேன். தேர் முடிந்து, அடுத்த நாள் தீர்த்தமும் முடிந்தது. குசினிக்குள் போய்ச் சமைக்க முடியவில்லை. மாபிள் பதித்தாயிற்று, இடைவெளி அடைக்கவில்லை. குழாய் பூட்டியாயிற்று, தண்ணீர் வரவில்லை. எல்லாமே தொண்ணூறு வீதத்தில் நின்றன. உன்னுடைய டீமிலும் "கோட் எழுதியாச்சு, டெஸ்ட்தான் மிச்சம்" என்று ஒருவர் சொன்னால், அந்த வேலையின் பொயின்டில் ஒன்றையும் கழிக்காதே. டெஸ்ட்டும் முடிந்து, எதை முடிந்தது என்று முதலில் எல்லாரும் ஒத்துக்கொண்டீர்களோ அது ஆன பிறகு முழுவதையும் கழி. அப்படிச் செய்தால் கோடு சில நாள் படுத்திருந்து பிறகு படிபோல இறங்கும். படி மிகவும் உயரமாக இருந்தால், ஒவ்வொரு வேலையையும் பெரிய துண்டாக எடுத்திருக்கிறீர்கள். அடுத்த ஸ்பிரின்ட்டில் சின்னதாக வெட்டுங்கள்.

நீ சொன்னதில் எனக்கு மிகவும் மனவருத்தம் தந்தது, கோடு இறங்கிக் காட்டுவதற்காக இரண்டு பேர் 8 பொயின்ட் வேலையை இடையில் 5 ஆக்கினார்கள் என்பது. அவர்களை ஏசாதே. பயந்த பிள்ளைதான் விடையைப் பார்த்து எழுதும், முப்பது வருடம் வகுப்பில் நின்ற நான் அதைப் பார்த்திருக்கிறேன். காலமைக் கூட்டத்தில் அந்தக் கோட்டைக் காட்டி அவர்களை யாரோ வெருட்டியிருக்க வேண்டும். உன்னுடைய மனேஜரிடம் மரியாதையாகச் சொல்லு: இந்த வரைபு டீம் தன்னைத்தானே பார்க்கிற கண்ணாடி, ஆளுக்கு ஆள் புள்ளி போடுகிற தாள் இல்லை என்று. ஸ்க்ரம் என்ற அஜைல் முறைக்கு 2020இல் வந்த வழிகாட்டியில்கூட பேர்ன் டவுன் கட்டாயம் என்று எழுதவில்லை. பயன்பட்டு வரும் முறைகளில் ஒன்றாகத்தான் அதைச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் அவருக்குக் காட்டலாம்.

"அன்று புதிதாகச் சேர்ந்தது" என்ற நிரலை நான் ஏன் போட்டேன் என்றால், ஒரே நாளில் 5 முடித்து வேறு 5 சேர்ந்தால் மீதி அசையாது. அன்று இரவு பத்து மணி வரை இருந்து வேலை செய்த பிள்ளைக்கு அந்தப் படுத்த கோடு பெரிய அநியாயம். தனி நிரல் இருந்தால் எத்தனை முடிந்தது, எத்தனை வந்து விழுந்தது என்று இரண்டையும் காட்டலாம். அடிக்கடி வந்து விழுகிறது என்றால் பேர்ன் அப் என்ற மற்ற வரைபையும் செய்து வை. அதில் மொத்தம் ஒரு கோடு, முடிந்தது ஒரு கோடு. மொத்தம் மேலே ஏறுவது எல்லாருக்கும் கண்ணால் விளங்கும்.

இப்போது உன்னுடைய எண்களுக்கு வருகிறேன். இதுவரை ஐந்து நாளில் முடிந்தது 0, 3, 2, 5, 5. மொத்தம் 15. மீதி 25. திட்டக் கோடு ஐந்தாம் நாளில் 20இல் நிற்கிறது. ஐந்து பொயின்ட்தானே, பிடித்துவிடலாம் என்று நீ சொன்னாய். வடிவாகப் பார், பிள்ளை. நாளுக்குச் சராசரி 3. மிச்சம் ஐந்து நாளில் 15 முடியும். 10 நிற்கும். கடைசி இரண்டு நாள் வேகமே மிச்ச நாளும் இருந்தால் 25 முடியும்தான், ஆனால் அந்த இரண்டு நாளும் முடிந்ததாகக் கணக்கில் வந்தது முதல் மூன்று நாளும் செய்த வேலை என்று நீயே சொன்னாய். ஆகவே 10 என்றே வைத்துக்கொள். நாளைக்குக் காலமையே, எந்த வேலை முதலில் வேண்டும் என்று தீர்மானிக்கும் புரொடக்ட் ஓனரிடம் போய், இந்த 10 பொயின்டில் எதை அடுத்த முறைக்கு விடலாம் என்று கேள். இப்போதே சொன்னால் அவருக்குத் தெரிவு செய்ய இடம் இருக்கிறது. பத்தாம் நாள் சொன்னால் அவர் கேட்டுக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும். இரவிரவாக இருந்து அந்தப் பத்தையும் நீ தனியாக முடிக்க வெளிக்கிடாதே. உன்னை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

திட்டக் கோடு வெறும் நேர்கோடு. உன்னுடைய டீமில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் சேர்வர் ஒரு நாள் விழுந்ததும் அதற்குத் தெரியாது. அந்த நாள்களுக்குப் பக்கத்தில் ஒரு நிரலில் ஒரு சொல் எழுதி வை. "காய்ச்சல்." "சேர்வர்." அவ்வளவு போதும். ஆறு மாதத்துக்குப் பிறகு திறந்து பார்க்கும்போது எண்ணைவிட அந்தச் சொல்தான் உனக்கு உதவும்.

நான் செய்த தாளை அப்பா உன் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறார். மொத்தத்தை மாற்றினால் மற்றவை தானாக மாறும். அப்பாவுக்கு முழங்கால் நோ பரவாயில்லை. முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மா பூத்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு.

வியாழக்கிழமை இரவு எடு. முதலில் மீதி எத்தனை என்று சொல்லு, பிறகு மற்றதைக் கதைப்போம்.

அன்புடன்,
அம்மா